அழற்சிக் காரணியா, அழற்சிக் குறிப்பானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

திங்களன்று நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருப்பதற்கு நன்றி. புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு சொல்: நோயாளிகளுக்கான விளக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். அழற்சி (இன்ஃபிளமேஷன்) ஏற்படும்போது இரத்தத்தில் உயரும் புரதங்களுக்கும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதிக்கும் (மெட்டபாலிக் சின்ட்ரோம்) உள்ள தொடர்பைச் சொல்லும் அதிகாரத்தில், முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அப்புரதங்களைப் பொதுவாக என்னவென்று அழைப்பது?

உங்களுள் பெரும்பாலோர் 'அழற்சிக் காரணி' என்றே சொல்கிறீர்கள். கேட்டவுடன் புரிகிறது, சொல்லவும் எளிது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை; 'அழற்சிக் குறிப்பான்' என்பதே என் தேர்வு.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் திசு பெருகும்போது, நோயெதிர்ப்புச் செல்கள் அதனுள் புகுந்து தங்கிவிடுகின்றன. அங்கிருந்து கிளம்பும் இன்டர்லியூக்கின்-6 என்னும் செய்திப் புரதம் கல்லீரலை அடைந்து, சி-எதிர்வினைப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. ஆய்வகம் அளப்பது, வரிசையில் கடைசியாகப் பிறந்த இந்தப் புரதத்தைத்தான். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்., வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று பிறழ்ந்தால் நோய்த்தொகுதி என்கிறார்கள். பிறழ்ந்தவற்றின் எண்ணிக்கை கூடக் கூட இப்புரதத்தின் அளவும் உயர்வதை, 14,719 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடர்பு உறுதியானது. ஆனால் பிறவியிலேயே மரபணு வேறுபாட்டால் இப்புரதம் மிகுந்திருப்பவர்களுக்கு, அந்த மிகுதிக்கு ஏற்ப மாரடைப்பு கூடவில்லை என்று பின்வந்த மரபியல் ஆய்வுகள் கண்டன. அளவையியலார் காலங்காலமாகக் காட்டும் மலைமேல் புகையைப் போன்றது இது: புகையைக் கண்டு நெருப்பை அறியலாம், புகையை விசிறிவிட்டால் நெருப்பு அணையாது.

கையேட்டில் ஒரு மாதிரி ஆய்வறிக்கை இருக்கிறது. சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 4.2 மில்லிகிராம், அதன் எதிரே 3க்கு மேல் போனால் இதயநோய் இடர் மிகுதி என்ற குறிப்பு. மேலே 'அழற்சிக் காரணி' என்ற தலைப்பைப் படித்துவிட்டு இந்த எண்ணைப் பார்ப்பவர், இதைக் குறைக்க மாத்திரை உண்டா என்றுதான் கேட்பார். இடுப்புச் சுற்றளவைப் பற்றிக் கேட்க மாட்டார். நோயையும் நோய்முதலையும் தனித்தனியே நாடச் சொன்ன குறளைப் படித்து வளர்ந்த நாம், அந்த வேறுபாட்டை ஒரு கலைச்சொல்லில் கலைத்துவிடலாமா?

புலவர் ஐயா, 'அழற்சிக் காரணி என்பதை ஏன் காரணம் என்று பொருள்கொள்ள வேண்டும்? அழற்சியால் விளைந்த காரணி என்றும் விரிக்கலாமே' என்று கேட்டிருந்தீர்கள். விரிக்கலாம்தான், சிக்கலும் அதுவே. வேற்றுமை உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் மறைந்து நிற்கும் 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை'யில் உள்ளே மறைந்திருப்பது ஆக்கலா, காட்டலா என்பதைச் சந்தி சொல்லாது. இரண்டிலும் க் மிகும். ஆகையால் நிலைமொழியான முதற்சொல் விட்ட பொருளை வருமொழியான பின்சொல்தான் தாங்க வேண்டும். 'குறிப்பான்' அதைத் தாங்குகிறது. 'ஆன்' ஆண்பால் விகுதி ஆயிற்றே என்ற உங்கள் தடைக்கு, பூரானும் ஓணானும் விடை சொல்லும். கரப்பான் என்பது பூச்சிக்கும் பெயர், தோலில் வரும் நோய்க்கும் பெயர், இரண்டும் அஃறிணையே.

'அழற்சி' என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்ற மருத்துவ நண்பரின் மடல் என்னை ஓர் இரவு தூங்கவிடவில்லை. சுழல் சுழற்சியானது போல அழல் அழற்சியாயிற்று; ஆனால் இந்நோயில் வெப்பம், சிவப்பு, வீக்கம், வலி என்ற பழைய நான்கு அறிகுறிகளுள் ஒன்றும் வெளியே தெரிவதில்லை, இது நீறுபூத்த நெருப்பு, ஆகவே தணலிலிருந்து 'தணற்சி' என்று ஆக்குவோம் என்கிறார். எவ்வளவு அழகான சொல்! ஆனால் தண்மையும் தணிதலும் பழகிய காதில் தணற்சி என்பது குளிர்ச்சி என்றே விழும். என் வீட்டில் மூவரிடம் கேட்டேன். மூவரும் சூடு தணிவது என்றார்கள். ஆகவே வருத்தத்தோடு 'தாழ்நிலை அழற்சி' என்றே எழுதுகிறேன்.

'நோய்த்தொகுதி'க்கு மாற்றாக வந்த 'உடனோட்டம்', 'சின்ட்ரோம்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு (சேர்ந்து ஓடுதல்) நேரானது. ஆனால் மூலம் தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும். வளர்சிதை மாற்றத்துக்கு இலங்கை நண்பர் சொன்ன 'அனுசேபம்' அங்குள்ள வாசகர்களுக்காகச் சொல்லடைவில் இடம்பெறும்.

மாற்றுக் கருத்து இருந்தால் நாளைக்குள் எழுத வேண்டுகிறேன்.

*

அன்புள்ள மொழிபெயர்ப்பாளருக்கு வணக்கம்.

நான் வாதாடிய 'காரணி'யைக் கைவிடுகிறேன், உங்கள் புகை உவமை என்னை மாற்றிவிட்டது. பூரானும் ஓணானும் பழம்பெயர்கள். வினையிலிருந்து இன்று நாமாக ஆக்கும் சொல்லுக்கு அவை சான்றாகா. நம்மிடம் திசைகாட்டி இருக்கிறது, நாள்காட்டி இருக்கிறது. திசைகாட்டிதான் திசையை உண்டாக்குகிறது என்று எந்தக் குழந்தையும் எண்ணியதில்லை. 'அழற்சிகாட்டி' என்றால் விரிக்க வேண்டிய தொகையும் இல்லை, விகுதித் தொல்லையும் இல்லை. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

*

ஐயா, வணக்கம்.

திசைகாட்டிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இந்த மடல் இரண்டு நாள் முன்னதாக வந்திருக்கலாம். கையேட்டின் முந்தைய அதிகாரங்களில் 'புற்றுநோய்க் குறிப்பான்' என்று பதினேழு இடங்களில் வந்து, பக்கங்களும் அமைத்தாயிற்று. இந்தப் பதிப்பில் குறிப்பானே செல்கிறது. சொல்லடைவில் அதன் அருகிலேயே 'அழற்சிகாட்டி' என்று சேர்த்துவிட்டேன்.