ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கியிருக்கிறேன்: எந்தப் பிரிவில் இறங்குவது, எந்தத் துப்பாக்கியை வாங்குவது?

தங்கச்சிமடத்தான்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. ஐஸ் கட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்த நாள் முதல் துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்த என் மகளை (வயது 13) மதுரையில் உள்ள ஒரு சங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்குத் துணையாகப் போன இடத்தில் நானும் சிக்கிக்கொண்டேன். ஐந்து மாதங்களாக, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் அந்தச் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (அழுத்தி அடைத்த காற்றால் ஈயக் குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி) பழகி வருகிறோம்.

இப்போது மூன்று குழப்பங்கள். முதலாவதாக, உடன் பழகும் நண்பர் ஒருவர், ஏர் பிஸ்டல் சிறுவர்களுக்கானது என்றும், என் வயதில் நேரே 25 மீட்டருக்குப் போவதே சரி என்றும் சொல்கிறார். இரண்டாவதாக, பயன்படுத்திய ஐரோப்பியத் துப்பாக்கி ஒன்று தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. காற்றடைக்கும் சிலிண்டர்கள் இரண்டு உண்டு. கைப்பிடி 'எல்' அளவு. என் உள்ளங்கை சிறியது; சீவிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். மூன்றாவதாக, எனக்கு வலது கைப் பழக்கம், ஆனால் ஆதிக்கக் கண் (குறி பார்க்கும்போது மூளை முதலில் நம்பும் கண்) இடது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கையை மாற்ற வேண்டுமா?

கீழக்கரை லாத்தா:

தம்பி, நான் எட்டு ஆண்டுகளாக ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி வரை சென்று வருபவள் என்பதால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

ஏர் பிஸ்டல் சிறுவர் விளையாட்டு என்று சொன்ன நண்பரை, ஒரு முறை நேரம் வைத்து முழுப் போட்டியையும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் ஆயத்தத்துக்கும் குறி சரிபார்ப்புக்கும். அதன் பிறகு 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருவியை ஒற்றைக் கையில் நீட்டி, 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்தாம் வளையத்தை 10 மீட்டர் தொலைவில் இருந்து அறுபது முறை தேட வேண்டும். நாற்பதாவது குண்டுக்கு மேல் தோள் என்ன சொல்கிறது என்று பிறகு அவரிடம் கேளுங்கள்.

25 மீட்டரில் .22 தோட்டாத் துப்பாக்கி வருகிறது. அது சட்டப்படி சுடுகலன். சொந்தமாக வைத்துக்கொள்ள ஆயுத உரிமம் வேண்டும், அதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சங்கத்தின் துப்பாக்கியில் மேற்பார்வையோடு பழகலாம் என்றாலும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கும் காசும் உண்டு. வீட்டில் பழகவே முடியாது. விசையை (டிரிகர்) இழுக்கத் தேவைப்படும் எடையும் வேறு: ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம், 25 மீட்டரில் 1000 கிராம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் பாதிப் போட்டி நிதானமாகவும், மறுபாதி இலக்கு மூன்று விநாடி மட்டும் முகம் காட்டித் திரும்புவதாகவும் இருக்கும். ஆண்களின் ரேப்பிட் ஃபயரில் (25 மீட்டர் வேகச் சுடுதல்) ஐந்து இலக்குகளை நான்கே விநாடியில் சுடும் கட்டமும் உண்டு. விசையைக் குலுங்காமல் இழுக்கக் கற்றுக்கொள்ளாத கை அங்கே போனால் தவறுகளை வேகமாகச் செய்யப் பழகும், அவ்வளவுதான். 50 மீட்டர் பிஸ்டல் 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

ஆகவே இருவரும் 10 மீட்டரிலேயே நில்லுங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் அதற்குள்ளும் ஐ.எஸ்.எஸ்.எஃப். (உலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படியான பிரிவு, என்.ஆர். எனப்படும் தேசிய விதிப் பிரிவு என இரண்டு வருவதைப் பார்ப்பீர்கள். எதில் பெயர் கொடுத்தால் அடுத்து எந்தப் போட்டிக்குத் தகுதி கிடைக்கும் என்பதை அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். சங்கத்தில் வாய்வழியாகச் சொல்வது பெரும்பாலும் போன ஆண்டின் விதியாக இருக்கும். மகள் வயதுப் பிரிவில் வருவாள். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். குறி தவறியதைவிட இதில் தவறி அழுத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கண்ணைப் பற்றிக் கலங்க வேண்டாம். ரைஃபிளில் கன்னத்தைக் கட்டையில் பதிக்க வேண்டியிருப்பதால் இது பெரிய சிக்கல். பிஸ்டலோ கை நீளத்துக்கு அப்பால் இருக்கிறது. தலையைச் சற்றே வலப்புறம் திருப்பினால் இடது கண் குறிக்கு நேராக வந்துவிடும், கழுத்து இறுகாமல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அது ஒத்துவராவிட்டால் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பை மாட்டி வலது கண்ணால் பழகலாம். மறைப்பின் அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இரண்டையும் ஒவ்வொரு மாதம் முயன்று பாருங்கள். கையை மட்டும் மாற்றாதீர்கள். விலை உயர்ந்த குறிக்கண்ணாடிக்கும் இப்போது ஓடாதீர்கள். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கியதை உலகமே பார்த்தது.

பட்டணங்காத்தான் பெரியவர்:

லாத்தா சொன்ன பிரிவுக் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. துப்பாக்கியைப் பற்றி நான் சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் ஒருவரிடம் பயன்படுத்திய துப்பாக்கியை வாங்கினேன். குழலும் விசையும் குறையில்லாமல் இருந்தன. சிலிண்டரை நான் பார்க்கவே இல்லை. முதல் போட்டியின் கருவிப் பரிசோதனையில்தான், அதன் மேல் பொறித்திருந்த தேதிக்குக் காலம் கடந்துவிட்டது என்று எடுத்துக் காட்டினார்கள். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் உருளை அது. தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். எனவே விற்பவரிடம் துப்பாக்கியின் படத்தைக் கேட்காதீர்கள், இரண்டு சிலிண்டர்களிலும் உள்ள தேதியின் படத்தைக் கேளுங்கள். புதிய சிலிண்டர் இறக்குமதியாகி வரும் விலையைச் சேர்த்தால் தொண்ணூறாயிரம் மலிவா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது கைப்பிடி. 'எல்' அளவைச் சீவிச் சிறிய கைக்கு ஏற்றதாக்கலாம் என்பது பாதிதான் உண்மை. மரத்தைக் குறைப்பது எளிது; ஆனால் உள்ளங்கைக்கும் விசைக்கும் இடையிலுள்ள தூரம் குறையாவிட்டால் சுட்டுவிரலின் நுனித் தசை விசையில் நேராகப் படியாது, பக்கவாட்டில் தள்ளும், குண்டு ஒரு பக்கமாகவே விழும். கையை முழுவதுமாகப் பொருத்திய பிறகு சுட்டுவிரல் மரத்தைத் தொடாமல் தனியே அசைகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் திறந்தால் முன் குறி பின் குறியின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அந்தக் கைப்பிடி உங்களுடையதன்று. நான் எனக்கு ஒரு அளவு சிறிய கைப்பிடியை வாங்கி, வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவரிடம் அரத்தால் தேய்க்கவும், குறைந்த இடத்தில் மரப்பசை வைத்து ஏற்றவும் கற்றுக்கொண்டேன். துப்பாக்கியை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் வளைவு என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கைப்பிடி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, மணிக்கட்டு வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, நம் ராமநாதபுரம் கடலோர ஊர்களின் உப்புக் காற்று. மதுரைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார், அவருக்குத் தேவையும் இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்துத் தீர்த்த உப்பு, கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் துப்பாக்கியை விடுமா? வாடை பிடிக்கும் மாதங்களில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் திருகுகளின் தலையில் செம்புள்ளி பூக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளிப்புற இரும்பை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள். காற்று செல்லும் வழியிலும் வால்விலும் ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக் கூடாது, ரப்பர் வளையங்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ்தான். பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எனவே பயணத்துக்கு மட்டும் பெட்டி, வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா. நிறம் மாறிய சிலிக்காவை இளஞ்சூட்டில் வாணலியில் வறுத்தால் மறுபடி உழைக்கும். ஈயக் குண்டுகளும் இங்கே வெண்பொடி பூக்கின்றன. 500 குண்டு டப்பாவைப் பத்தாக வாங்கி அடுக்காமல் இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்பதை மகளுக்கும் சொல்லுங்கள்.

கைப்பம்பால் காற்றடைப்பதாக இருந்தால், நம் ஈரக் காற்றில் உள்ள தண்ணீரையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறீர்கள். இடையிடையே நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றி, பம்பை ஆறவிட்டு அடிக்க வேண்டும். முடிந்தால் சங்கத்திலுள்ள பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள்.

தொண்டிக்காரன்:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பொதுத் துப்பாக்கியிலேயே ஆண்டுக்கணக்கில் பழகு என்று சொல்லாதவரை சரி. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கைக்குத் தேய்த்த கைப்பிடி என்றால் எதைத்தான் கற்பது? சொந்தத் துப்பாக்கி இருந்தால் குண்டு போடாமலே தினமும் இருபது நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசை இழுக்கலாம். அந்தப் பயிற்சிதான் என் மதிப்பெண்ணை உயர்த்தியது, மதுரைப் பயணங்கள் அல்ல.

மின்விசையா (மின்கலத்தால் இயங்கும் டிரிகர்), இயந்திர விசையா என்ற கேள்வி நாளை வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடலோரத்தில் இருக்கும் தொடக்கநிலையாளருக்கு இயந்திர விசை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி நேரம் பறிபோனதை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பின்னால் பயிற்சியாளர்கள் நின்றார்கள். நமக்கு மின்கலம் போனால் அடுத்த பேருந்துதான்.

கீழக்கரை லாத்தா:

தொண்டித் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அப்பாவும் மகளும் ஒரே துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இரண்டு அளவுக் கைப்பிடிகளை வைத்து மாற்றிக்கொள்வது வீட்டில் நடக்கும். போட்டியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தளம் ஒதுக்கப்பட்டால் யார் சுடுவது? பெயர் கொடுக்கும்போதே வெவ்வேறு சுற்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.

தங்கச்சிமடத்தான்:

லாத்தா, பெரியவர், தொண்டி அண்ணன், மூவருக்கும் நன்றி. சிலிண்டர் தேதியின் படத்தைக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒன்றின் படம் மட்டும் வந்தது, அதில் 2013 என்று இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண் மூடித் திறக்கும் சோதனையைச் சங்கத்தின் இரண்டு துப்பாக்கிகளில் செய்து பார்த்ததில், எனக்கு 'எஸ்' அளவும் மகளுக்கு அதற்கும் சிறியதும் பொருந்துகின்றன. தலையைத் திருப்பி இடது கண்ணால் சுட்டபோது குண்டுகள் சிதறாமல் ஓரிடத்தில் விழுந்தன. ஒரே ஒரு சந்தேகம். என் தாத்தா சங்கு குளித்தவர், எனக்கும் மூச்சு நன்றாக நிற்கும். மூச்சை அடக்கி நெடுநேரம் குறி பார்ப்பது எனக்குக் கூடுதல் பலமாகுமா?

பட்டணங்காத்தான் பெரியவர்:

ஆகாது, தம்பி. குறியில் நின்ற ஏழு எட்டு விநாடிக்குள் குண்டு போகாவிட்டால் கண்ணும் கையும் தளரத் தொடங்கிவிடும். கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி ஏற்றுங்கள். தாத்தாவின் மூச்சைக் கடைசிப் பத்துக் குண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'எஸ்' கைப்பிடியோடு இயந்திர விசைத் துப்பாக்கி ஏதேனும் விலைக்கு வந்தால், பணம் கொடுக்கும் முன் இங்கே சிலிண்டர் தேதியைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.