காலைதோறும் புதியவைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

நாசரேத்துப் பிள்ளை:
ராத்திரி மகனை அடிச்சுட்டேன். மூணாங்கிளாஸ், ஒன்பதாம் வாய்ப்பாடு. வேலைக்குப் போயிட்டு வந்த களைப்பு, உங்களுக்கே தெரியும். மர ஸ்கேலால உள்ளங்கையில மூணு அடி. அழாமலே தூங்கிட்டான்.

காலையில கோயில் மணி அடிச்சதும் எழுந்து வேதத்தைத் திறந்தேன். புலம்பல் 3:23, கர்த்தரோட இரக்கங்களைப் பத்தி, "அவைகள் காலைதோறும் புதியவைகள்". அழுது ஜெபம் பண்ணினேன், மனசு லேசாச்சு. அப்புறம் உலைக்கு அரிசி எடுக்கப் போனா, டிரம்முக்குள்ள உழக்கு எதுலயோ தட்டுச்சு. கையை விட்டுத் துழாவினா அந்த ஸ்கேல். என் முழங்கை வரைக்கும் உள்ள போகுது, அவ்வளவு ஆழத்துல புதைச்சு வச்சிருக்கான். எப்ப எழுந்தான், எப்படி எட்டினான்னு தெரியலை.

அவன் பாய்ல உக்காந்து மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா"ன்னான். அன்னைக்குச் சாயங்காலம் ஃபேன் போடக் கையைத் தூக்குறேன், அவன் தலையைக் குனிஞ்சு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். கர்த்தர் மன்னிச்சதுல எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு விடிஞ்சிருச்சு. அவனுக்கு இன்னும் அந்த ராத்திரிதானே?

தூத்துக்குடி உப்புக்காத்து:
தங்கச்சி, நான் மறுபக்கத்துல இருந்து சொல்லுதேன், என் அப்பா குடிச்சிட்டு அடிப்பார். அதே குடி எனக்கும் வந்துச்சு.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து, அந்த உபவாச நாள் முழுக்கக் குடியைத் தொடலை. ஈஸ்டர் அன்னைக்கு ராத்திரி மறுபடியும் குடியில விழுந்துட்டேன். மறுநாள் விடியுமுன்ன டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கேன், சபையை நடத்துற உபதேசியார் வந்து நின்னார். "ஐயா, நேத்து நான்..."ன்னு ஆரம்பிச்சேன். "தெரியும்டே. மணிக்கு நேரமாச்சு, மணி அடிக்கிற கோயில்குட்டிக்குக் காய்ச்சல், நீ வந்து அடி"ன்னு சாவியை நீட்டினார். வாயில இன்னும் நாத்தம் போகலை, அந்தக் கையில மணிக்கயிறு. கயிறு மேல இழுக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பும், அது இப்பவும் உடம்புல இருக்கு. அதுக்கப்புறமும் ரெண்டு தரம் விழுந்தேன். ரெண்டு தரமும் மறுநாள் மணி அடிச்சேன். இப்ப மூணு வருஷம் ஆகுது.

பெரேயா வாசகன்:
சகோதரி, அந்த வசனத்தை வாக்குத்தத்த அட்டையில வர்ற ஆறுதல் வசனமாவே எல்லாரும் எடுக்குறோம். அது எழுதப்பட்ட இடத்தைப் பாருங்க. பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரிச்சு, ஆலயம் இடிஞ்சு கிடக்கு. கி.மு. 586-ஐ ஒட்டிய காலம். குழந்தைகள் தெருவுல பசியால மயங்கி விழுந்ததை முந்தின அதிகாரம் சொல்லுது. 66 வசனம் உள்ள மூணாம் அதிகாரத்துல அந்த நம்பிக்கை நடுவுல வருது, பிறகு மறுபடியும் கண்ணீர்தான். இரக்கம் புதுசா வந்த காலையிலயும் இடிபாடு அப்படியேதான் கிடந்தது. உங்க மகன் கண்ணை மூடுறது அந்த இடிபாடு. மன்னிப்புக் கிடைச்சுதேன்னு அதைத் தாண்டிப் போக முடியாது. மத்தேயு 5-ல ஆண்டவர் என்ன சொன்னார்? காணிக்கையைப் பலிபீடத்து முன்னால வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னார். வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமா வாங்கினதை நாலத்தனையாத் திருப்பிக் கொடுக்கிறேன்னு எழுந்து நின்னான். அதனால ஜெபத்துக்கு முன்னாலயே பிள்ளையை எழுப்பியிருக்கணும். இனிமே அதிகாலை நாலு மணிக்கு எழும்புங்க, போனை வேற அறையில வைங்க, ராத்திரியே பாவ அறிக்கை பண்ணிட்டுப் படுங்க.

உப்புக்காத்து அண்ணன் வருஷம் எண்ணுறதும் எனக்குச் சரியாப் படலை. வனாந்தரத்துல இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னாங்கிற அப்பத்தை அன்னன்னைக்குத்தான் பொறுக்கணும், மறுநாளைக்கு வச்சது புழுத்துப் போச்சு. நேத்தைய ஜெயமும் அப்படித்தான்.

என் அனுபவம் சின்னது. வரப்புத் தகராறுல அண்ணன்கூட மூணு வருஷம் பேச்சில்லை. ஒரு காலையில ஜெபத்தை நடுவுல நிறுத்திட்டுப் போன் போட்டேன். எடுத்தார். ரெண்டு பேருமே பேசலை, அவர் வீட்டு ஆடு கத்துறது மட்டும் கேட்டுச்சு.

தரங்கை நர்ஸ்:
பெரேயா ஐயா, அந்த ஆட்டுச் சத்தத்தைப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. ஆனா நாலு மணிக்கு எழும்பச் சொல்றதை ஏத்துக்க முடியலை. நைட் டியூட்டிக்காரிக்கு நாலு மணின்னா மருந்து நேரம். எனக்கு நாள் ஆரம்பிக்கிறது ராத்திரி எட்டுக்கு. இரக்கம் அப்பவும் புதுசுதான்.

நாங்க லுத்தரன் சபை. 1529-ல வந்த சிறிய ஞானோபதேசம்கிற கேள்வி-பதில் புத்தகத்துல மார்ட்டின் லுத்தர் ஞானஸ்நானத்தைப் பத்திச் சொல்றது இதுதான்: நமக்குள்ள இருக்கிற பழைய ஆதாம், அதாவது பாவ சுபாவம், தினமும் மனஸ்தாபத்தால முழுகிச் சாகணும், புது மனுஷன் தினமும் எழும்பணும். சின்ன வயசுல, சபையில திடப்படுத்தலுக்கு முன்னால நடக்குற வகுப்புல இதை மனப்பாடம் பண்ணினப்ப ஒண்ணும் புரியலை. ஒரு நாள் டியூட்டியில ஒரு தாத்தாகிட்ட எரிஞ்சு விழுந்தேன், எத்தனை தரம் பெல் அடிப்பீங்கன்னு. பக்கத்துப் படுக்கைக்குப் போக முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தண்ணி ஓடிட்டே இருக்கு, ஞானஸ்நானத் தொட்டி ஞாபகம் வந்துருச்சு. ஈரக் கையோட திரும்பிப் போய், "தாத்தா, என்ன வேணும்?"னு கேட்டேன். போர்வை கால்ல இருந்து நழுவியிருந்தது. அவ்வளவுதான் கேட்டிருக்கார்.

அக்கா, பையன் பயப்படுறதைப் பார்த்து நீங்க கலங்கிட்டேதான் இருக்கீங்க. அதையே அவன்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க.

நாசரேத்துப் பிள்ளை:
சொன்னேன்மா. "நீ கண்ணை மூடினதைப் பார்த்தேன், அது என் தப்பு, உன் தப்பு இல்லை"ன்னு. ஸ்கேலையும் அவன்கிட்டயே கொடுத்தேன். எங்க வச்சான்னு கேக்கலை.

நேத்துக் குடும்ப ஜெபத்துல அவன் முறை. அப்பாவுக்காக, ஆச்சிக்காக, எதிர் வீட்டு நாய்க்குட்டிக்காக ஜெபம் பண்ணினான். என் பேர் வரலை. ஆமென் சொல்லிட்டு என் மடியில தலையை வச்சுப் படுத்தான். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் தரையிலயே வச்சிருந்தேன்.