பழைய மர டிராயர் பெட்டி வாங்கப் போறீங்களா? முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்

இங்கே பழைய மரச்சாமான் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நான் கடை கடையாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாலிஷ் மின்னுகிறதா, கதவில் செதுக்கு வேலை இருக்கிறதா, பித்தளைக் குமிழ் அழகாக இருக்கிறதா என்று எல்லோரும் முகப்பைப் பார்க்கிறோம். முகப்பை எந்தப் பட்டறையும் சில நாளில் தயார் செய்துவிடும். டிராயரின் உட்புறத்தையும் பெட்டியின் முதுகையும் அப்படிப் பழசாக்குவது கஷ்டம், யாரும் மெனக்கெடுவதும் இல்லை. ஆகவே உண்மை அங்கேதான் இருக்கிறது.

பழைய சாமான் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், எனாமல் தூக்குவாளி, பர்மா அரக்குப் பெட்டி, கல்லாப்பெட்டி, கதவு நிலை, தூண் என்று குவிந்து கிடப்பதற்கு நடுவில்தான் பீரோவும் டிராயர் பெட்டியும் நிற்கும். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் தேக்கு வந்தது, 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வாழ்க்கையே குலைந்தது. பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பிரிந்து, பராமரிக்க முடியாமல் இடிபடும்போது உள்ளே இருந்த சாமான் தெருவுக்கு வருகிறது. பர்மா தேக்கு என்ற பெயருக்கே தனி விலை வந்துவிட்டதால் விற்கிறவர்கள் எதற்கும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்.

என்னுடன் வந்தவர் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் வயதான ஆசாரி. இடுப்புயரத்தில் நான்கு டிராயர் வைத்த பெட்டி ஒன்று எனக்குப் பிடித்துப்போய் விலை கேட்கத் தொடங்கினேன். அவர் விலைப் பக்கமே போகவில்லை, "தம்பி, அந்த டிராயரை முழுசா உருவிக் கீழ வைங்க" என்றார். உருவி வைத்ததும் கவிழ்த்தார். பக்கப் பலகையின் கீழ் விளிம்பைத் தடவச் சொன்னார், பின்பக்கம் போகப் போக அது தேய்ந்து மெலிந்திருந்தது. வருஷக்கணக்காக இழுத்துத் தள்ளினால்தான் அப்படித் தேயும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் புறா வால் போல விரிந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் டவ்டெயில் பற்கள் ஒன்று அகலம், ஒன்று குறுகல், பக்கத்தில் அளவு குறிக்கக் கீறிய மெல்லிய கோடு அப்படியே இருந்தது. கையால் அறுத்த வேலை. எல்லாப் பல்லும் அச்சு மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை, அது மட்டமென்று அர்த்தமில்லை, ஆனால் நூறு வருஷத்து விலையைக் கொடுக்கக் கூடாது.

அடிப்பலகையில் ரம்பத் தடத்தைப் பார்ப்பதும் அவரிடம் கற்றதுதான். கைவாளால் அறுத்தால் கோடுகள் நேராக, கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். மெஷினில் ஓடும் வட்ட ரம்பம் வளைந்த தடம் விடும். மேலே இழைப்புளி போட்டு மறைத்துவிடுவார்கள், அடியிலும் முதுகிலும் யாரும் இழைப்பதில்லை. அப்புறம் ஆசாரி டிராயரின் உள்மூலையில் மூக்கை வைத்து மோந்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். பழைய தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்த ஒரு வாசனை வரும். வார்னிஷ் நெடி மட்டும் வந்தால் உள்ளேயும் சமீபத்தில் பூசியிருக்கிறார்கள், எதற்காக என்று கேளுங்கள்.

அந்தப் பெட்டியின் முதுகுப் பலகை மட்டும் தேக்கு இல்லை, மாமரம். நான் தயங்கினேன். "முதுகுக்கு அந்தக் காலத்துலயும் கைக்குக் கெடச்ச மரந்தான், கண்ணுக்குத் தெரியிற எடத்துக்குத்தான் தேக்கு" என்றார். மாமரப் பலகையில் பூச்சி இல்லை, அசைவு இல்லை, அது போதும் என்று வாங்கினேன். சில கடைகளில் முதுகில் புது பிளைவுட் அடித்து வைத்திருப்பார்கள். அதனால் மட்டும் பெட்டியை ஒதுக்க வேண்டாம், ஆனால் பழைய முதுகு என்ன ஆனது என்று கேட்டுவிட்டு விலையைக் குறையுங்கள்.

இதற்கு நேர் மாறானது வேறொரு ஊரில் பார்த்த கடை. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிக்கொண்டு போன வகைப் பெட்டி, மேல் பாதி கீழ் பாதியாகப் பிரியும், மூலைகளில் பித்தளைப் பட்டை, கைப்பிடி வெளியே நீட்டாமல் மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். வண்டியில் அடுக்கும்போது எதுவும் இடிக்கக் கூடாது என்பதற்காக வந்த அமைப்பு அது, எனக்கு ரொம்பப் பிடித்தமான வகை. கடைக்காரர் 1880 என்றார். மூலைப் பட்டையில் இருந்த திருகாணி எல்லாம் நட்சத்திரத் தலை, அதாவது தலையில் கூட்டல் குறி போலப் பள்ளம் வெட்டியது. அந்தத் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். சரி, பட்டையைப் பின்னால் மாற்றியிருக்கலாமே என்று ஒரு கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். பழைய பெட்டியில் பித்தளைக்கு அடியில் மரம் வேறு நிறத்தில் இருக்கும், வெளிச்சமும் கை அழுக்கும் படாத இடம் அது. இங்கே உள்ளும் வெளியும் ஒரே நிறம். டிராயரின் பக்கப் பலகையில் ஓரிடத்தில் அடைத்த பழைய தாழ்ப்பாள் துளை வேறு இருந்தது. பழைய வீட்டுக் கதவை அறுத்துப் புதிதாகச் செய்த பெட்டி. மரம் பழசு, பெட்டி புதுசு. அப்படிச் செய்வதில் தப்பே இல்லை, நல்ல மரம் வீணாகாமல் இன்னொரு சாமானாகிறது. 1880 என்று சொல்லி விற்பதுதான் தப்பு, அது இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் அந்த வயதை நம்பித்தான் ஜனங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

குமிழ் மாற்றியதும் இப்படித்தான் தெரியும். டிராயரின் முன்பலகையை உள்பக்கத்திலிருந்து பார்த்தால் இப்போதைய குமிழுக்கான துளையோடு, அடைத்த பழைய துளையும் இருக்கும். வெளியே மெழுகு வைத்து மறைத்திருந்தாலும் உள்ளே விட்டுவிடுவார்கள்.

மரம் எது என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். தூக்கினால் கனம் அதிகமாக, கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடினால் ஈட்டி (ரோஸ்வுட்). தேக்கு அதைவிட லேசு, பொன்னிறத்திலிருந்து பழுப்பு. எது என்பதைவிட வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதுதான் முக்கியம். தேக்கிலேயே வெளி வளையமான வெள்ளையைப் பூச்சி தின்னும், உள்ளே முற்றிய பகுதியான வைரத்தைச் சுலபத்தில் தொடாது. ஒரே பலகையின் ஓரம் மட்டும் வெளிறிச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருந்தால் அது வெள்ளை.

அளவு விஷயம் பலருக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. பழைய பீரோக்கள் மடித்து வைக்கிற துணிக்காகச் செய்தவை, பலவற்றில் ஆழம் ஒன்றரை அடிதான் இருக்கும். ஹேங்கரில் சட்டை மாட்ட கிட்டத்தட்ட 2 அடி ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் கதவு மூடாது. புடவையும் வேட்டியும் மடித்து வைக்கப் போகிறீர்கள் என்றால் அதே ஆழம் அருமையானது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்ட் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். பழைய பீரோக்களில் தலைப்பட்டை தனியாகக் கழன்று வரும், சிலவற்றில் ஆப்பைத் தட்டினால் பக்கமே பிரியும். கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

◆

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி, வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றி நான் சேர்க்கிறேன். எங்கள் மாமியார் வீட்டில் நிலைக்கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிள் ஒன்று, இரண்டு பக்கமும் மூன்று மூன்று டிராயர், 1940கள் வாக்கில் வந்த, மூலைகளை வளைத்துச் செய்த மாதிரி. பாலிஷ் மங்கிவிட்டது என்று ஒருவரைக் கூப்பிட்டார்கள், அவர் மெஷின் வைத்துத் தேய்த்து முழுசாகச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று பாலியூரிதேன் அடித்துத் தரலாம் என்றார். நான்தான் நிறுத்தினேன். அந்தக் காலத்துப் பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றியது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தெரியாத மூலையில் வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. அரக்காக இருந்தால் நல்ல செய்தி, பழைய பூச்சின் மேலேயே புதுசை ஏற்றலாம், அது ஒன்றாகக் கலந்துவிடும். சுரண்டவே வேண்டாம். எங்களுடையதை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அரக்குப் பாலிஷ் கைதேர்ந்த ஒருவரை வைத்து ஏற்றினோம். கைபட்டுக் கறுத்த இடங்கள் அப்படியே இருக்கின்றன, மாமியார் உட்கார்ந்து தலைவாரிய பக்கம் எது என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

பெயின்ட் அடித்த பழைய பீரோ என்றால் மட்டும் ஜாக்கிரதை. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், அதுவும் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கூடவே கூடாது.

கண்ணாடியையும் மாற்றாதீர்கள். ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் பின்பக்க ரசம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓரத்தில் பட்டை போட்ட அந்தத் தடித்த கண்ணாடிக்கு ஈடாக இப்போது வாங்குவது கஷ்டம்.

◆

நான் யாழ்ப்பாணம். இங்கே அலுமாரியை விடப் பெட்டகம்தான் பெரிய கதை. எங்கள் அம்மம்மா வீட்டில் ஒரு பெட்டகம் இருந்தது, மேல் மூடியைத் தூக்கினால் ஒரு ஆள் படுக்கக்கூடிய நீளம், உள்ளே ஒரு பக்கத்தில் நகை வைக்கிற சின்ன லாச்சி (டிராயர்). பட்டுச் சேலை, பித்தளைச் சாமான், காணி உறுதி (நிலப் பத்திரம்) எல்லாம் அதற்குள்தான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த சனம் இப்படியான கனத்த தளபாடத்தை விட்டுவிட்டுத்தான் போகவேண்டி வந்தது, அதனால் இன்றைக்கு ஒரு வீட்டில் பெட்டகம் மிஞ்சியிருந்தால் அதை விற்கும் முன் தயவுசெய்து வீட்டில் எல்லோரையும் கேளுங்கள்.

தெற்கில் கொழும்புப் பக்கம் பழைய சாமான் கடைகளில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துப் பெட்டகம் என்று காட்டுவார்கள். பித்தளைப் பூட்டுத் தகடு பெரிதாக, அழகாக இருக்கும், அதைக் கண்டு மயங்க வேண்டாம், தகட்டை வார்த்துப் புதுசாக அடிக்கலாம். மூடியைத் தூக்கிப் பிணைச்சலை (கீலை) பாருங்கள், பிணைச்சல் இருந்த இடம் மாறியிருந்தால் மரத்தில் பழைய குழி தெரியும். மரம் முதிரையா பலாவா என்று கேட்டால், முதிரை மஞ்சளாக, பட்டுப்போல மினுங்கும், கனம் கூட. பலா முதலில் மஞ்சளாக இருந்து காலம் போகப் போக நன்றாகக் கருஞ்சிவப்பாக மாறும், ஆகவே பழைய பலா என்று சொல்லி வெளிர் மஞ்சள் பெட்டகம் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் இப்படி ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். இலங்கையிலிருந்து பழம்பொருளைத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை என்று அறிகிறேன், ஈட்டி மரத்துக்கு வேறு தனிக் கட்டுப்பாடு உண்டு. காசு கொடுக்க முன்னம் இதைப் பாருங்கள்.

◆

முதல் பதிவை எழுதியவன் மறுபடியும். பூச்சி பற்றித் தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஓட்டை இருப்பதனாலேயே பயப்பட வேண்டாம், அது பூச்சி வெளியேறிய வழி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் போயிருக்கலாம். ஓட்டையின் விளிம்பு கறுத்து, உள்ளே அழுக்கு அடைந்திருந்தால் பழசு. விளிம்பு வெளுப்பாக, கூர்மையாக இருந்து, தட்டினால் மாவு போன்ற தூள் கொட்டினால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. கடைக்காரர் தூளைத் துடைத்து வைத்திருப்பார், அதனால் டிராயரின் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து நன்றாகத் தட்டிப் பாருங்கள், முடிந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய் அதே காகிதத்தைப் பாருங்கள். கரையான் வேறு மாதிரி, அது காலிலிருந்து ஏறும், மண் தடம் விடும். பெட்டியின் நான்கு காலையும் ஆணி முனையால் குத்திப் பாருங்கள், உளுத்திருந்தால் உள்ளே இறங்கும். கால் மட்டும் போயிருந்தால் ஆசாரி வேறு கால் ஒட்டிக் கொடுத்துவிடுவார். சட்டமே உளுத்திருந்தால் எவ்வளவு அழகான முகப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற மரச்சாமானோடு சேர்க்காமல் வராந்தாவில் சில வாரம் தனியாக வையுங்கள், வெயிலில் நேராக வைக்காதீர்கள், பலகை வெடிக்கும். பூச்சிக்குப் போரிக் கரைசல் பூசுவதானால் பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலும் முதுகிலும் பூசுங்கள், பாலிஷ் மேல் பூசினால் மரத்துக்குள் இறங்காது. டிராயர் இறுக்கமாக ஓடினால் இழைக்க அவசரப்படாதீர்கள், மழைக்காலத்தில் மரம் உப்பும், தை மாசி வரை பொறுத்துப் பாருங்கள், தேய்மானப் பக்கத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

குழந்தை இருக்கிற வீட்டில் உயரமான டிராயர் பெட்டியைச் சுவரோடு சேர்த்து எல் வடிவக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கனமான மரம், மேல் டிராயர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தால் பெட்டி முன்னால் சாயும். முதுகுச் சட்டத்தில் இரண்டு திருகாணித் துளை விழுந்தால் விழட்டும், அதற்காகப் பெட்டியின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.