ரைபிளுக்குப் புதிய பேரல் (குழல்): 22 வாரமாகியும் தயாரிப்பாளரிடமிருந்து வரவில்லை

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன், பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்தில் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைபிளால் 300 கெஜம் முதல் 1000 கெஜம் வரை இலக்கு சுட்டு வருகிறேன். ஐயாயிரம் தோட்டாக்களைத் தாண்டிய பிறகு, 600 கெஜத்தில் ஐந்தாறு அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் ஓரடிக்கு மேல் சிதறத் தொடங்கின. போரோஸ்கோப்பை (குழலுக்குள் பார்க்கும் கருவி) உள்ளே விட்டுப் பார்த்தால், தோட்டா அறையை அடுத்த பகுதி கோடையில் வற்றிய குளத்துத் தரையைப் போல வெடித்துக் கிடந்தது.

பேரல் மாற்றுவதற்காக ரைபிளைத் தயாரித்த நிறுவனத்துக்கே கொடுத்தேன். 12 வாரம் என்றவர்கள், 22 வாரம் ஆன பிறகும் "பணிமனையில் இருக்கிறது" என்ற ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஜூலையில் கிங்ஸ் பிரைஸ் உள்ளிட்ட போட்டிகள் வருகின்றன. ரைபிளைத் திரும்பப் பெற்று, வேறிடத்தில் பேரல் வாங்கி நானே பொருத்திக்கொள்ளலாமா? பழைய பேரலைக் கேட்டு வாங்கி மேசை விளக்குக்குத் தண்டாக வைத்துக்கொள்ளும் ஆசையும் உண்டு.

பதில் 1:

ஐயா, தங்கள் பொறுமை குறைவது நியாயமே. ஆனாலும் ரைபிளைத் திரும்ப வாங்க வேண்டாம். பேரலைத் திருகி மாட்டுவது பெரிய வேலையல்ல. தோட்டா அறையை அந்த ரைபிளின் போல்ட்டுக்கு (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பகுதி) ஏற்றவாறு கடைந்து, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் மூடிய நிலையில் தோட்டா அமர்வதற்கான இடம், சரிபார்ப்பதுதான் வேலை. .308-க்கு 'கோ' அளவி (இதை வைத்தால் போல்ட் மூட வேண்டும்) 1.630 அங்குலம், 'நோ-கோ' அளவி (இதை வைத்தால் மூடக் கூடாது) 1.634 அங்குலம், இடையிலுள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கடைசல் இயந்திரமும் அனுபவமும் இல்லாமல் இதில் கை வைப்பது ஆபத்து.

அடுத்தது புரூஃப் சோதனை, அதாவது ரைபிள் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்ப்பது. புதிய பேரல் பொருத்திய ரைபிளை லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலைக்கு அனுப்பி, வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட சுமார் 25 சதவீதம் கூடுதலான தோட்டாவைச் சுட்டு முத்திரை பெறுவார்கள். (பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 முதல் இதைச் செய்துவருகிறது.) ஆகவே "எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் நேரான பதில் தருவதில்லை. பேரல் கம்பி (இன்னும் அறை கடையாத குழல்) வந்துவிட்டதா, அறை கடைந்தாயிற்றா, சோதனைக்குப் போய்விட்டதா என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

விளக்கு ஆசையைக் கைவிடுங்கள். இந்நாட்டுச் சட்டத்தில் பேரல் தனியாக இருந்தாலும் துப்பாக்கியின் உறுப்புதான். உரிமச் சான்றிதழில் இடமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். வேறிடத்தில் புதிய பேரல் வாங்கவும் அதே சான்றிதழ் தேவை.

பதில் 2:

முன்னவர் சொன்னதோடு ஒன்று. பழைய பேரலில் அறையின் முன்பகுதி தேய்ந்து முன்னே நகர்ந்திருக்கும். அதற்கேற்ப நீளமாக அமைத்துத் தாங்களே வெடிமருந்திட்ட தோட்டாக்கள் மிச்சம் இருந்தால், அவற்றைப் புதிய பேரலில் சுடாதீர்கள். குண்டு பேரலின் உட்புறச் சுருள் வரிகளில் முட்டி அழுத்தம் எகிறும். மருந்தளவைக் குறைத்து, நீளத்தை மறுபடி அளந்து தொடங்குங்கள். இதற்கே இரண்டு மூன்று சனிக்கிழமைகள் போய்விடும் என்பதால், ஜூன் நடுப்பகுதிக்குள் ரைபிள் கையில் இல்லையென்றால் அதை ஜூலைப் போட்டிக்கு நம்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அந்த மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே, ஐந்து மாதத்தில் முதல்முறையாக, பணிமனையின் பொறுப்பாளர் அழைத்தார். பேரல் கம்பி தாமதமாக வந்ததாம். இப்போது அறை கடைந்து முடிந்து, மற்ற ரைபிள்களோடு சேர்த்துச் சோதனைக்கு அனுப்பக் காத்திருக்கிறதாம். பழைய பேரலை அவர்களே அழித்துவிடட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜூலைக்குக் கழக ரைபிள் ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன். அதன் கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி) எனக்கு இரண்டு விரல் அதிக நீளம், தோளில் சரியாக அமரவில்லை. அதைக் குறைக்க முடியுமா என்று கழகத்தில்தான் கேட்க வேண்டும்.