ரெண்டு மலை, நடுவுல சூரியன்: கடக்கரை புள்ளைங்களுக்கு படம் பாக்கவும் வரையவும் எப்படிப் பழக்குறது?

மண்டபம்_சாயங்கால_வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்துல மீனவர் தெருவுல சாயங்காலம் புள்ளைங்களுக்கு பாடம் சொல்லித் தர்றேன், மூணாவதுலேந்து ஏழாவது வரைக்கும் 17 பேரு. ஞாயித்துக்கெழமை மட்டும் பாடத்த மூடி வச்சிட்டு படம் வரைய விடுறேன். போன மாசம் முதல் தடவையா "உங்களுக்கு பிடிச்சத வரைங்க"ன்னு பேப்பர் குடுத்தேன், 14 பேரு ஒரே படம் வரைஞ்சு வச்சிருக்காங்க, ரெண்டு மலை, நடுவுல பாதி சூரியன், கீழ ஒரு ஆறு, ஓரத்துல ஓட்டு வீடு. இங்கேந்து கண்ணுக்கு எட்டுன தூரம் மலையே கெடையாது, மலைய நேர்ல பாத்த புள்ளை அதுல ஒண்ணு ரெண்டு இருந்தா பெருசு. சரின்னு அடுத்த வாரம் படகு வரையச் சொன்னா, பேப்பர்ல மடிச்சு விடுவோமே அந்தக் கப்பல் மாதிரி முக்கோணமா வரையுறாங்க, வாசல்ல அவங்க அப்பாவோட வள்ளம் கெடக்குது, அதுமேல ஏறித்தான் தெனமும் விளையாடுறாங்க!

அஞ்சாவது படிக்கிற ஒரு பையன் பென்சிலையே தொட மாட்டேங்கிறான். "எனக்கு வராது டீச்சர், நீங்க வரைஞ்சு தாங்க, நான் கலர் அடிக்கிறேன்"னு சொல்றான். நான் போர்டுல ஒரு மீன் வரைஞ்சு காட்டுனேன், 17 பேரும் அதே மீன அப்படியே வரைஞ்சு குடுத்துட்டாங்க. அன்னிக்கு எனக்கு மனசே சரியில்ல. படத்த கொண்டுவந்து நீட்டுனா என்ன சொல்றதுன்னும் தெரியல, "சூப்பர்"னு சொல்றேன், வாங்கிட்டுப் போயிடுறாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது. இன்னொன்னு, நல்ல ஓவியம்னு ஒண்ண நேர்ல கூட்டிட்டுப் போய் காட்டணும்னு ஆசை, சென்னை மதுரை எல்லாம் கட்டுப்படியாகாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

டிராயிங்_மாஸ்டர்_ராம்நாடு:

டீச்சர், மொதல்ல போர்டுல வரைஞ்சு காட்டுறத நிறுத்திருங்க. நானும் பகுதிநேர ஆசிரியரா சேந்த புதுசுல அதத்தான் செஞ்சேன், அந்தப் பழக்கத்த விடுறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. நீங்க வரைஞ்ச மீன பாத்தவுடனே புள்ளைக்கு அதுதான் சரியான மீன், அவன் மனசுல இருந்த மீன் தப்புன்னு ஆயிடும். அந்த ரெண்டு மலையும் அப்படி வந்ததுதான், யாரோ ஒருத்தர் போர்டுல போட்டது, அத அண்ணன் வரைஞ்சான், அண்ணன பாத்து தம்பி வரைஞ்சான்.

அந்த அஞ்சாவது பையன் விசயம் கொஞ்சம் கவனமா பாக்க வேண்டியது. ஒம்பது பத்து வயசுல நெறைய புள்ளைங்களுக்கு இது வரும். கலைக்கல்வியில நெறைய வேலை செஞ்ச விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லயே இத எழுதியிருக்காரு, அந்த வயசுல புள்ளை தான் வரைஞ்சது நெசம் மாதிரி இல்லையேன்னு தானே பாத்து வருத்தப்பட ஆரம்பிக்கும். அதாவது அவன் கண்ணு வளந்துருச்சு, கை இன்னும் அந்த அளவுக்கு வரல. அந்த நேரத்துல "உனக்கு வராது"ன்னு யாராவது சொல்லிட்டா ஆயுசுக்கும் பென்சில தொட மாட்டான். அவனுக்கு கைய விட்டுட்டு கண்ணுக்கு வேலை குடுங்க.

நான் செய்யிறது இதுதான். முதுகுல மூணு கண்ணு மாதிரி புள்ளி இருக்குமே அந்த நண்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, உசுரோட வேணாம், கடிச்சிரும். நடுவுல வைங்க. பென்சில் யார் கையிலயும் இருக்கக் கூடாது. அஞ்சு நிமிசம் பாக்க மட்டும் விடுங்க, கேள்வி மட்டும் கேளுங்க, கால் எத்தனை, எல்லா காலும் ஒரே மாதிரியா, கண்ணு எங்க இருக்கு, எந்த இடம் வழுவழுன்னு இருக்கு எந்த இடம் முள்ளு முள்ளா இருக்கு. ஆறு கால்னு சொல்லுவாங்க, எட்டுன்னு சொல்லுவாங்க, கடைசியில எண்ணிப் பாத்தா கொடுக்கையும் சேத்து பத்து. பின்னாடி ரெண்டு கால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும், அத எந்தப் புள்ளையாவது தானே கண்டுபிடிச்சு சொல்லும் வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க, அந்த நிமிசத்துக்காகத்தான் இவ்வளவும். அப்புறம் நண்ட துணியால மூடிட்டு வரையச் சொல்லுங்க. வரைஞ்சு முடிச்சதும் துணிய எடுங்க, இப்ப வேற கலர் பென்சில்ல விட்டுப்போனத அவங்களே சேக்கட்டும். ரப்பர் குடுக்காதீங்க. முதல் கோடும் ரெண்டாவது கோடும் ஒரே பேப்பர்ல இருந்தாத்தான் அவன் எவ்வளவு பாத்திருக்கான்னு அவனுக்கே தெரியும்.

படத்த நீட்டுனா சூப்பர் சொல்லாதீங்க, உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அத சொல்லுங்க. "இந்தக் காலு மட்டும் நல்லா அழுத்திப் போட்டிருக்கியே"ன்னு சொல்லிட்டு சும்மா இருங்க, அதுக்கப்புறம் அவனே பேசுவான்.

கரையில பொறுக்கி வச்சு வரையுறதுன்னா சிப்பி, சோழி, காஞ்ச பாசி, மிதப்புக்கட்டை இதெல்லாம் எடுங்க. பவளப்பாறை துண்டும் காஞ்ச கடல்குதிரையும் தொட விடாதீங்க, அது வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, புள்ளைங்களுக்கும் அப்பவே சொல்லிருங்க.

---

கீழக்கரை_லாத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சர், உங்க வகுப்புல எங்க ஊரு மாதிரி வீட்டுப் புள்ளைங்க இருந்தா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, சில வீட்டுல மனுச உருவம், மிருக உருவம் வரையுறத பெரியவங்க விரும்ப மாட்டாங்க. புள்ளைய அங்கயும் இங்கயும் இழுபட விடாதீங்க, அவங்களுக்குப் பாக்குறதுக்கும் வரையுறதுக்கும் நம்ம கடக்கரையில கொட்டிக் கெடக்கு.

எங்க பழைய ஜும்ஆ பள்ளிவாசல் கல்லாலயே கட்டுனது, தூணு, தூணு தலையில இருக்குற போதிகை எல்லாம் பாத்தா கோயில் கட்டுன அதே கை வேலைன்னு தெரியும், ஆனா உருவம் ஒண்ணு இருக்காது, பூவும் கொடியும் கட்டமுமாத்தான் இருக்கும். நான் என் அக்கா புள்ளைங்கள கூட்டிட்டுப் போய் ஒரு தூணுக்கு முன்னாடி உக்கார வச்சு, "இந்தப் பூவுக்கு எத்தன இதழ், அடுத்த தூணுல அதே பூவா"ன்னு மட்டும் கேட்டேன், முக்கா மணி நேரம் போனதே தெரியல. சின்னவ ஒருத்தி "இந்தப் பூ எந்த மரத்துலயும் இல்லையே, கல்லு செஞ்சவரு மனசுலேந்து எடுத்திருக்காரா"ன்னு கேட்டா. எனக்கு கண்ணு நெறைஞ்சு போச்சு.

பனை ஓலை வேலையும் விட்டுறாதீங்க. சாயம் போட்ட ஓலையில கொட்டான், அதாவது ஓலைப்பெட்டி பின்னுற பொம்பளைங்க ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க, அவங்கள வகுப்புக்கு கூப்பிடுங்க. ஒரு ஓலை மேல, ஒரு ஓலை கீழ, அத ஒண்ணு தள்ளிப் போட்டா கோடு சாய்வா ஓடும், ரெண்டு தள்ளுனா வேற மாதிரி. அத முதல்ல கணக்கு நோட்டு கட்டத்துல கலர் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஓலையில பின்னச் சொல்லுங்க. கையில செய்யாம வெறும் பேப்பர்லயே நின்னா ஒரு மாசத்துல சலிச்சிருவாங்க.

---

சேதுச்சீமை_காரன்:

சென்னைக்கு எதுக்கு போகணும் டீச்சர், ராமநாதபுரம் அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம் இருக்கே! ராமநாதபுரத்த ஆண்ட ராஜா கிழவன் சேதுபதி காலத்து கட்டடம், சுவர் பூரா ஓவியம், பெரும்பாலும் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துல வரைஞ்சது, அதாவது 18ஆம் நூற்றாண்டு தொடக்கம், முந்நூறு வருசம் ஆச்சு. இப்ப தொல்லியல் துறை கையில அருங்காட்சியகமா இருக்கு. தஞ்சாவூர் மராட்டியரோட போர், ராமாயணம், அம்மன் ராஜராஜேஸ்வரி ராஜாவுக்கு செங்கோல் குடுக்குறது, வெள்ளைக்காரங்க ராஜாவ பாக்க வந்தது எல்லாம் சுவர்லயே இருக்கு. முதல்ல நீங்க தனியா போய் பாத்துட்டு எந்தச் சுவர காட்டணும்னு முடிவு பண்ணிக்கோங்க, சில படம் பெரியவங்களுக்கானது, ஒரு நாளைக்கு ரெண்டு படத்துக்கு மேல வேணாம்.

போன வருசம் எங்க தெரு புள்ளைங்கள கூட்டிட்டுப் போனேன். முதல் தடவை நானே கைடு மாதிரி வருசம், பேரு எல்லாம் சொல்லிக்கிட்டே போனேன், அவங்க கூரையில ஒக்காந்திருந்த புறாவ பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாவது தடவை மூணே கேள்விதான். இந்தப் படத்துல என்ன நடக்குது? எதப் பாத்து அப்படி சொல்ற? இன்னும் என்ன தெரியுது? இது நான் கண்டுபிடிச்சது இல்ல, அபிகெய்ல் ஹவுசன்னு ஒரு மனவியல்காரங்களும் நியூயார்க் மியூசியத்துல வேலை பாத்த பிலிப் யெனவைனும் சேந்து உண்டாக்குன முறை. ரெண்டாவது கேள்விதான் உசுரு. ஒரு பையன் "இவருதான் ராஜா"ன்னான், எதப் பாத்து சொல்றன்னு கேட்டா "எல்லாரையும் விட பெருசா இருக்காரு"ன்னான், உடனே ஒரு பொண்ணு "இல்ல, பக்கத்துல இருக்கவங்க எல்லாம் அவரத்தான் பாக்குறாங்க, அதனாலதான்"னா. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே சுவருகிட்ட போய் ஒவ்வொரு முகமா பாத்தாங்க. யாரு சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்லல. வருசம், பேரு எல்லாம் கடைசியில அவங்களா கேட்டாங்க, அப்ப சொன்னேன், இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க.

பாம்பன் பாலமும் நல்ல பாடம்தான். 1914ல திறந்த பழைய ரயில் பாலம் ரெண்டு கைய விரிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல நடுத்துண்டு அப்படியே நேரா மேல போகும். பெரிய புள்ளைங்கள ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரையச் சொல்லுங்க, எது எப்படி அசையுதுன்னு கோட்டுலயே காட்டணும்.

---

வாடைக்காத்து:

நான் கடலுக்குப் போறவன், படம் பத்தி பெருசா தெரியாது, ஆனா இத சொல்லணும். எம்மகன் ஒரு போட்டியில கடல பாதி பச்சையாவும் பாதி கலங்குன மண்ணு கலராவும் வரைஞ்சான், கடல்னா நீலம்னு சொல்லி திருப்பிக் குடுத்துட்டாங்க. அவன் பாத்ததத்தான வரைஞ்சான் டீச்சர். தனுஷ்கோடியில நின்னு பாருங்க, ஒரு பக்கம் பாக் கடல், பெண் கடல்னு சொல்லுவோம், தண்ணி அலை இல்லாம தட்டுல ஊத்துன மாதிரி கெடக்கும், இந்தப் பக்கம் மன்னார் கடல், ஆண் கடல்னு சொல்லுவோம், அதோட நெறமே வேற. காத்து மாறுனா தண்ணி மாறும், மேகம் மாறுனா மாறும், அடியில சேறா மணலா பாரான்னு (பாருன்னா பாறை) நாங்க மேல இருக்குற கலர வச்சுத்தான் சொல்லுவோம். காலையில அஞ்சரைக்கு ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, பொழுது சாயும்போது ஒரு தடவ புள்ளைங்கள ஒரே எடத்துல நிக்க வச்சு கலர் மட்டும் அடிக்கச் சொல்லுங்க, கோடே வேணாம்.

படகுக்கு எங்கள கூப்பிடுங்க. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுக்காரங்க எல்லாம் கரையிலதான் வலை சரிபாத்துக்கிட்டு இருப்போம், புள்ளைங்களுக்கும் அப்ப லீவு. படகு கரையேறி நிக்கும்போது அடிப்பக்கம் பூரா தெரியும். அணியம், அதான் படகோட முன்பக்கம், ஏன் அவ்வளவு கூரா தூக்கி நிக்குது, பின்பக்கம் ஏன் அகலம்னு நாங்க தொட்டுக் காட்டுறோம். அப்புறம் முக்கோணக் கப்பல் எவனும் வரைய மாட்டான்.

---

மண்டபம்_சாயங்கால_வகுப்பு:

அண்ணே, லாத்தா, மாஸ்டர், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கெழமை நண்டு வச்சோம். அஞ்சு நிமிசம் யாரும் தாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன், கா மணி நேரம் ஆகியும் எந்திரிக்கல. துடுப்புக் கால கண்டுபிடிச்சது அந்த அஞ்சாவது பையன்தான். "டீச்சர் இது நீந்துற காலு, மத்தது நடக்குற காலு"ன்னான், அவன் வீட்டுல தெனம் நண்டு கழுவுறவனாம், ஆனா இன்னிக்குத்தான் பாத்தேன்னு சொன்னான். வரையும்போது முழு நண்டும் வரையல, அந்த ஒரு காலத்தான் பேப்பர் பூரா வரைஞ்சான், மயிரு மாதிரி ஓரத்துல இருக்குறது வரைக்கும். என்னடா மிச்சம் எங்கன்னு கேக்க வாய் வந்துச்சு, மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து "ஓரமெல்லாம் விடாம போட்டிருக்கியே"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு அவன் கேட்டது: ராத்திரி அப்பா போற கடல வரையணும், தூரத்துல லைட் மட்டும் வரிசையா தெரியும், வெள்ளைப் பேப்பர்ல இருட்ட எப்படி போடுறதுன்னு. கருப்பு கிரயான் அடிச்சா அதுமேல மஞ்சள் ஏற மாட்டேங்குது. அதுக்கு என்ன பண்ணலாம்?

---

டிராயிங்_மாஸ்டர்_ராம்நாடு:

கருப்பு சார்ட் வாங்கி நாலா வெட்டிக் குடுங்க டீச்சர், ஸ்டேஷனரி கடையில கெடைக்கும். கலர் சாக்பீஸ தண்ணியில நனைச்சு அதுல போடச் சொல்லுங்க, போடும்போது மங்கலாத் தெரியும், காஞ்சதும் பளிச்சுன்னு எந்திரிக்கும். வரையுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி அவங்க அப்பாகூட கரையில நின்னு, லைட்டு தண்ணியில எப்படி நீளமா விழுதுன்னு பாத்துட்டு வரட்டும். வரைஞ்சா படம் போடுங்க.