மஸில்லோடர் சீசனில் இன்லைன் துப்பாக்கி: சரியா, தவறா?

ஒத்தைக்குழல்:

எட்டு வருடமாக 50 கேலிபர் (குழல் துளை அரை அங்குலம்) இன்லைன் மஸில்லோடர், அதாவது குழல் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி, ஒன்று வைத்திருக்கிறேன். இங்கே அமெரிக்காவில் மான் வேட்டைக்குத்தான் அதை எடுப்பேன். இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டை நாட்கள் உண்டு, அதுதான் மஸில்லோடர் சீசன். போன வாரம் சுடும் திடலில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இது மஸில்லோடரே இல்லை. இதோடு மஸில்லோடர் சீசனில் இறங்குவது ஏமாற்று வேலை" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

மருந்தைக் குழல் வாய் வழியாகத்தான் கொட்டுகிறேன். குண்டையும் அதே வழியாகக் கம்பியால் தள்ளி மருந்தின் மேல் உட்கார வைக்கிறேன். இருப்பது ஒரே வெடி. தவறினால் மறுபடி கெட்டிக்கக் குறைந்தது அரை நிமிடமாவது ஆகும், அதற்குள் மான் போய்விடும். மாறியது நெருப்பு போகும் பாதை மட்டும்தான். பழைய துப்பாக்கியில் கேப் (அடித்தால் பொறி விடும் சின்ன மூடி) பக்கவாட்டில் வெடித்து, அந்தப் பொறி வளைந்து உள்ளே போகும். இதில் பொறி கொடுக்கும் பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால், குழலின் கோட்டிலேயே இருக்கிறது. இதில் என்ன ஏமாற்று?

சிக்கிமுக்கி:

தம்பி, அவர் சொன்ன விதம் சரியில்லை. ஆனால் சொன்ன விஷயத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சீசனைத் தனியாக எதற்கு ஒதுக்கினார்கள் என்று யோசியுங்கள். துணி சுற்றிய உருண்டைக் குண்டு 50 கேலிபரில் 180 கிரெயின்கூட (சுமார் 11.7 கிராம்) வராது. உருண்டை என்பதால் காற்றில் வேகம் சீக்கிரம் செத்துவிடும். 100 கஜத்துக்குள் மானை நெருங்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே அது ஆயுதம். சுடுகிறவனுக்கு இவ்வளவு சிரமம் இருப்பதால்தான் கூடுதல் நாட்கள் கொடுத்தார்கள்.

1985-இல் டோனி நைட் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் எம்கே-85 என்ற இன்லைன் துப்பாக்கியைக் கொண்டு வந்த பிறகு கதை மாறியது. இப்போது கடையில் இருப்பவற்றைப் பாருங்கள்: 209 பிரைமர் (ஷாட்கன் தோட்டாவில் வரும் பலமான பிரைமர்), சபோ என்ற பிளாஸ்டிக் உறைக்குள் கூர்முனைக் குண்டு, மேலே ஸ்கோப். உருண்டைக் குண்டுக்கான குழலில், குண்டைச் சுழல வைக்கும் உள் வரிகளின் முறுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். இன்லைனில் 28 அங்குலத்துக்கு ஒன்று. நீளக் குண்டைத் தூரமாகச் சுடுவதற்கென்றே வெட்டிய குழல் அது. நெருப்புப் பாதை மட்டும்தான் மாறியது என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பென்சில்வேனியாவில் 1974-இல் தொடங்கிய கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசன் இன்றும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும்தான். இன்லைன்காரர்களுக்கு அக்டோபரில் தனியாக நாள் இருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஒத்தைக்குழல்:

அண்ணே, நானும் பழைய பாணி கேப் துப்பாக்கியில்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வருடம், தூறலில் ஒரு பெண் மான். விசையை இழுத்தேன். கேப் வெடித்தது, மருந்து உடனே பிடிக்கவில்லை. ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. அந்தக் கணத்தில் மான் ஒரு எட்டு வைத்துவிட்டது. குண்டு வயிற்றில் பட்டது. ராத்திரி பதினொரு மணி வரை டார்ச் அடித்து ரத்தத் தடம் பார்த்து நடந்தேன். கிடைக்கவில்லை. அந்த மானை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் இன்லைன் வாங்கினேன். மூடிய பிரைமர், ஈரம் உள்ளே போகாது, இழுத்ததும் வெடிக்கும். மிருகத்துக்கு நான் கொடுக்க வேண்டியது சுத்தமான ஒரு சாவு. பாரம்பரியம் அதற்குப் பிறகுதான்.

ஸ்கோப் பற்றி ஒன்று. எனக்கு வயது 51, வெள்ளெழுத்து வந்துவிட்டது. இரும்புக் குறியில் பின் குறி மங்கினால் முன் குறி தெளிகிறது, முன் குறி மங்கினால் மான் தெளிகிறது. மூன்றும் ஒன்றாகத் தெரிவதே இல்லை.

சிக்கிமுக்கி:

அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும், எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் தூறலில் மருந்தை உலர்வாக வைப்பதுதான் இந்தக் கலையே. நான் விசைப்பகுதியின் மேல் மெழுகு தேய்த்த தோல் உறை போட்டு நடப்பேன். வானம் மூடினால் கல்லின் பொறி விழும் கிண்ணத்து மருந்தை மணிக்கொரு முறை மாற்றுவேன். சந்தேகம் வந்தால் சுடாமல் திரும்பி வருவேன். கருவி நம்பகமாக ஆக ஆக, 200 கஜத்தில் நிற்கும் மானைப் பார்த்து "சுடலாமே" என்று தோன்றும். இன்லைன் வைத்திருப்பவர்கள் காயப்படுத்திய மான்களும் உண்டு, எல்லாம் தூரத்தில்.

கண்ணுக்குத் துளைக்குறி போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு அருகில் சின்னத் துளை, அதன் வழியாகப் பார்த்தால் முன் குறியும் மானும் மட்டும்தான். பின் குறி மங்கும் தொல்லையே இல்லை.

குறிஞ்சி:

இரண்டு பேரும் இன்லைன் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைக்கிறீர்கள். நான் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவள். அங்கே மஸில்லோடர் சீசனில் இன்லைனுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஸ்கோப் கூடாது, சபோ கூடாது, வில்லை மருந்து கூடாது. தூள் மருந்தை அளந்துதான் போட வேண்டும். அதாவது நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கவலைப்படவில்லை, தூரத்தைக் கூட்டும் சாமான்களைத்தான் தடுக்கிறார்கள். ஐடஹோ இன்னும் கடுமை. மஸில்லோடருக்கு மட்டுமான வேட்டையில் 209 பிரைமரே ஆகாது.

எனக்குக் கொலராடோவின் வழிதான் சரியாகப் படுகிறது. ஸ்கோப்பை எடுத்துவிட்டால் 200 கஜ ஆசை தானாகப் போய்விடும்.

புதுக்கை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முதல் துப்பாக்கி வாங்கும் யோசனையில் இருக்கிறேன். இன்லைனுக்கு ஆவணம் எதுவும் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? சுத்தம் செய்யும் வேலையும் கிடையாதாமே?

ஒத்தைக்குழல்:

முதல் கேள்விக்கு: 1968-ஆம் வருட மத்தியச் சட்டம், தோட்டா ஏற்க முடியாத, கருமருந்துக்கோ அதன் மாற்றுக்கோ செய்த முன்வாய்த் துப்பாக்கியைப் பழங்காலத் துப்பாக்கி என்ற வகையில் வைக்கிறது, அதனால் மத்தியச் சட்டப்படி ஆவணம் வேண்டாம். சாதாரண ரைஃபிளின் உடலில் முன்வாய்க் குழல் மாட்டியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. நியூ ஜெர்சி, இலினாய் போன்ற மாநிலங்களில் இதற்கும் அடையாள அட்டை வேண்டும். மாநில விதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது தவறான தகவல். பைரோடெக்ஸ் மாதிரி கருமருந்து மாற்றில் சுட்டால் அன்றைக்கே கழுவ வேண்டும். அந்தக் கசடு உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போதும். பிளாக்ஹார்ன் 209 என்ற இன்னொரு மாற்று மருந்துக்குத் தண்ணீர் உதவாது, கரைப்பான் வேண்டும். அதில் பிரீச் பிளக்கின் (குழலின் பின்முனையை மூடும் திருகு) துளையில் கரி படிந்து அடைக்கும். கால் அங்குலத்தில் பாதி அளவு டிரில் பிட்டை அதில் கையால் திருகிக் கரியை எடுப்பேன். பிளக்கின் மரைக்குப் பசை தடவாமல் முடுக்கினால் சீசன் முடிந்ததும் கழற்ற முடியாது.

சிக்கிமுக்கி:

இதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை, அதனால் நானும் சேர்க்கிறேன். புதுத்தம்பி, கவனமாகப் படியுங்கள்.

தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தைச் சாதாரண மஸில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். குழல் வெடித்து விரல் போகும். அதற்கென்று செய்த சில துப்பாக்கிகள் இருக்கின்றன, உங்களுடையது அதுவாக இருக்காது.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் தவறுவார்கள். 100 கிரெயின் என்று எழுதியிருப்பது அளவுக்குழாயின் கொள்ளளவு. பிளாக்ஹார்னை அப்படி அளந்து தராசில் வைத்தால் ஏறக்குறைய 70 கிரெயின்தான் எடை வரும். தராசில் 100 நிறுத்துப் போட்டால் அளவுக்கு மீறிய மருந்து.

கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு போடுங்கள், வெறுங்குழலுக்கு ஒன்று, கெட்டித்த குழலுக்கு ஒன்று. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு முறை மருந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குண்டு மருந்தோடு ஒட்டி உட்காராமல் இடைவெளி இருந்தாலும் குழலுக்கு ஆபத்துதான், கோடு அதையும் காட்டிவிடும். வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தால் குடுவை கையிலேயே வெடிக்கும்.

புதுக்கை:

ரொம்ப நன்றி அண்ணே. கோடு போடும் விஷயம் கடைக்காரர் சொல்லவே இல்லை.

ஒத்தைக்குழல்:

குறிஞ்சி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். இன்று திடலில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுத் துளைக்குறி மாட்டினேன். 50 கஜத்தில் மூன்று குண்டும் உள்ளங்கைக்குள் விழுந்தன. 100 கஜத்தில் தட்டு அளவுக்கு விரிந்தது, அதனால் இந்த சீசனில் 80 கஜத்துக்கு மேல் சுடுவதாக இல்லை. ஆனால் பிரைமரை விட மாட்டேன் அண்ணே. அந்தப் பெண் மானுக்காக.

சிக்கிமுக்கி:

80 கஜம் என்று நீங்களே கோடு போட்டுக்கொண்ட பிறகு உங்களை ஏமாற்றுக்காரர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் விதி எழுதும்போது எல்லோரும் உங்களைப் போல இருப்பார்கள் என்று நம்பி எழுத முடியாது. டிசம்பர் சீசனில் 209-ஐ விடச் சொல்லிக் கேட்டு வந்தால் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். சபோவையும் நிறுத்திவிட்டு ஈயக் குண்டில் சுட்டுப் பாருங்கள். 80 கஜத்துக்கு அது தாராளம்.