அம்மாவின் கெண்டைக்காலுக்கு மட்டும் ஊசி ஏன் கேட்கவில்லை?

போடி மகள்:
அம்மா பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் ஜீப் ஏறிவிடுவார். போன மாதம், பூச்சிமருந்து அடித்த ஈரம் காயாத செடிகளுக்கு நடுவே களை எடுக்க விட்டிருக்கிறார்கள். முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. போடிமெட்டு இறங்கும்போதே வாந்தி. வீட்டுக்கு வந்தபோது எச்சில் வழிந்தது, வியர்வை கொட்டியது, கண்பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் என்ற ஊசி போட்டதும் எச்சில் வற்றியது. ஆனால் கெண்டைக்கால் சதை மட்டும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல மறுநாள் வரை துடித்தது. ஏன்?

கம்பம் ஆசிரியர்:
நரம்பு தசையை நேராகத் தொடுவதில்லை, மகளே. நடுவில் மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்கு இடைவெளி. மின்துடிப்பு நரம்பின் நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே புகும். அங்குள்ள நுண்பைகள் வாய்திறந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அது எதிர்க்கரையின் ஏற்பிகளில் ஒட்டினால் தசை சுருங்கும். உடனே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். நொதியின் இந்த வேலைதான் உயிர்நாடி. ஏலத்துக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. அசிட்டைல்கோலின் தேங்கி, ஏவிக்கொண்டே இருக்கிறது.

1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சூழ்ந்த நீரை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் சொல் நீரில் கரைந்து வந்திருந்தது! இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் எனக்கு இது அலுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு விடை: ஏற்பிகள் இரண்டு வகை. எச்சில், வியர்வை, கண்பாவை எல்லாம் மஸ்கரினிக்; கைகால் தசை நிக்கோட்டினிக். அட்ரோபின் முதல் வகையை மட்டுமே மறைக்கும்.

குமுளி செவிலி:
சார் சொல்வது சரி. நொதியை விடுவிக்க பிராலிடாக்சிம் என்ற ஊசி உண்டு. ஆனால் நேரம் கடந்தால் விஷத்தின் பிடி இறுகிவிடும். மூச்சு இழுக்கும் தசையும் கெண்டைக்கால் தசையின் இனம்தான். அதனால் முதல் நான்கு நாள், மூச்சுத் தசை சோர்வதற்கு முன்னறிகுறியாகக் கழுத்துத் தசை தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். தோல் வழியாகவும் விஷம் ஏறும். நனைந்த சேலையை அங்கேயே களைந்து, சோப்புப் போட்டுக் குளித்திருக்க வேண்டும்.

போடி மகள்:
தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி டாக்டர் வேளைக்கு வேளை பார்த்தது இதற்குத்தானா, அக்கா! அம்மா ஒவ்வொரு முறையும் தூக்கிக் காட்டினார். அந்தச் சேலையுடன்தான் இரண்டு மணி நேரம் ஜீப்பில் வந்திருக்கிறார்.